துளை போட்டவர் போன பிறகு

எங்கள் பக்கம் தோட்டம் விலை பேசும்போது பேச்சு தண்ணீரில்தான் தொடங்கும். கிணறு எத்தனை அடி, போர் என்கிற ஆழ்துளைக் கிணறு எத்தனை, எதில் எத்தனை இஞ்சுத் தண்ணி வருது, கரண்ட் சர்வீஸ் யார் பேரில் இருக்கு. பேசி முடித்துப் பத்திரம் எழுதும்போது ஓடுகிற போர், மோட்டார், மின் இணைப்பு எண், கூட்டுக் கிணற்றில் உள்ள பங்கு எல்லாம் ஒவ்வொன்றாக ஏறும். தண்ணீர் வராமல் விட்ட போர்கள் பத்திரத்தில் ஏறி நான் பார்த்ததில்லை. நிலத்தோடு சேர்ந்து அவையும் கைமாறிவிடும். அவை எந்த மூலையில் கிடக்கின்றன என்று வாங்கியவருக்குத் தெரியாது. விற்றவர் அதற்குப் பிறகு அவற்றை நினைப்பதில்லை.

காங்கயத்துக்குக் கிழக்கே கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலமும் மானாவாரியுமாகக் கிடக்கிற வறண்ட பகுதி எங்களுடையது. இங்கே ஆயிரம் அடி போர் ஓட்டியும் தண்ணீர் படாமல் பாறைத் தூள் புகையாகவே பறந்த கதை இல்லாத வீடு கிடையாது. அதனால்தான் அமெரிக்காவிலும் கனடாவிலும் கைவிடப்பட்ட எண்ணெய், எரிவாயுக் கிணறுகளை மூடும் செலவு யாருடையது என்று நடக்கிற வழக்குகளையும் சண்டைகளையும் படிக்கப் படிக்க எனக்கு ஊர் ஞாபகமாகவே இருந்தது. அங்கே துளையில் எரிவாயு, இங்கே தண்ணீர். அங்கே கோடிக்கணக்கான டாலர், இங்கே நகையை அடகு வைத்த பணம். ஆனாலும் துளை போட்டவர் போன பிறகு மிஞ்சுகிற கேள்வி ஒன்றுதான்.

முதலில் அவர்கள் கதை. அமெரிக்காவின் எண்ணெய்த் தொழில் 1859-ல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில் என்ற ஊரில், 69 அடி சொச்ச ஆழத்தில் எண்ணெய் பட்டதும் சூடுபிடித்தது. எங்கள் ஊர்த் திறந்த கிணறுகள் பலவும் அதைவிட ஆழம். அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கு, ஓடி முடிந்த கிணற்றை மூடச் சொல்லி உருப்படியான சட்டம் பெரும்பாலான இடங்களில் இல்லை. மரக்கட்டையையும் கல்லையும் குப்பையையும் வாயில் திணித்துவிட்டுப் போனார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இரும்புக்காகப் பழைய கிணறுகளின் குழாய்களையே உருவி எடுத்தார்கள். இன்று அந்நாட்டில் கைவிடப்பட்ட கிணறுகள் 30 லட்சத்துக்கும் மேல் என்று அவர்களின் சுற்றுச்சூழல் முகமை மதிப்பிடுகிறது. அவற்றில் பாதிக்கு மேல் முறையாக மூடப்படாதவை. உரிமையாளர் யாரென்று தெரியாத, அல்லது திவாலாகிப் போன, 'அநாதைக் கிணறுகள்' என்று அரசுக் கணக்கில் ஏறியவை மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல்.

அப்படிக் கிடக்கிற கிணற்றிலிருந்து மீத்தேன் கசியும். உப்புநீரும் எண்ணெயும் மேலே ஏறி நல்ல நீர் இருக்கும் அடுக்கில் கலக்கும். மூடுவதென்றால் கான்கிரீட் மூடி வைப்பதல்ல. கிணற்றுக்குள் கருவியை இறக்கிச் சுத்தம் செய்து, எரிவாயு உள்ள அடுக்கையும் குடிநீர் உள்ள அடுக்கையும் பிரிக்கிற மாதிரி பல ஆழங்களில் சிமெண்ட் அடைப்புப் போட வேண்டும். 2021-ல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு கிணற்றை அடைக்க மட்டும் நடுத்தரமாக 20,000 டாலர், மேலே நிலத்தையும் சேர்த்துச் சீராக்கிக் கொடுக்க மொத்தம் 76,000 டாலர் ஆகிறது என்று கண்டது.

சரி, இந்தச் செலவுக்கு முன்கூட்டியே பணம் வாங்கி வைக்கவில்லையா? வாங்கினார்கள். அமெரிக்க நடுவண் அரசு நிலத்தில் கிணறு போடும் நிறுவனம் ஒரு குத்தகைக்குக் குறைந்தது 10,000 டாலர் பிணைத்தொகை கட்ட வேண்டும் என்று 1960-ல் வைத்தார்கள். ஒரு குத்தகையில் பல கிணறுகள் இருக்கும். அந்தத் தொகை அறுபது வருஷத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. 2024-ல்தான் 1,50,000 டாலராக உயர்த்தினார்கள். இடைப்பட்ட காலத்தில் கணக்குத் தெரிந்த எந்த நிறுவனமும் என்ன செய்யும்? கிணறு நன்றாக ஊறுகிற வரை பெரிய நிறுவனம் வைத்திருக்கும். ஊற்றுக் குறைந்ததும் அடுத்த சின்ன நிறுவனத்துக்கு விற்கும். அது இன்னும் சின்னதுக்கு. கடைசியாக வாங்கியவர் கையில் வருமானமும் இருக்காது, மூடுவதற்குப் பணமும் இருக்காது. பத்திரத்தில் ஏறாத எங்கள் ஊர்ப் போர்கள் இப்படித்தானே கைமாறுகின்றன என்று அந்த இடத்தில் எனக்குத் தோன்றியது. கடைசியில் 2021-ல் அமெரிக்க அரசு மக்கள் வரிப்பணத்திலிருந்து 470 கோடி டாலரை இதற்கென ஒதுக்க வேண்டி வந்தது.

கனடாவின் ஆல்பெர்ட்டா மாகாணத்தில் நடந்த வழக்கு இன்னும் தெளிவானது. ரெட்வாட்டர் என்ற சின்ன எண்ணெய் நிறுவனம் 2015-ல் கடனில் மூழ்கியது. அதன் சொத்தை நிர்வகிக்க வந்தவர்கள், வருமானம் தரும் கிணறுகளை விற்று வங்கிக் கடனை அடைக்கிறோம், வறண்ட கிணறுகள் எங்களுக்கு வேண்டாம், அரசு பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் அதற்குச் சரி என்றன. 2019 ஜனவரியில் கனடா உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. நிலத்தைச் சுத்தம் செய்யும் கடமையைக் கழித்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதுதான் கடன்காரர்களுக்கு என்று சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் அடுத்த வருஷமே கனடா அரசு பழைய கிணறுகளைச் சுத்தம் செய்ய 170 கோடி கனடிய டாலரைப் பொதுப்பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தது. தீர்ப்பு நியாயத்தைச் சொன்னது. பெட்டியில் பணம் இல்லை.

இது நமக்குப் புதிதல்ல. நொய்யலில் நாம் பார்த்ததுதான்.

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் சொன்னது. வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகள் மீதான வழக்கு அது. அதற்கு நாலு வருஷம் முன்னால், 1992-ல், சென்னிமலைக்கும் காங்கயத்துக்கும் நடுவே ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டி முடித்தார்கள். வெள்ளியங்கிரியில் பிறந்து வருகிற நொய்யல் தண்ணீரைத் தேக்கிப் பாசனம் செய்யலாம் என்ற ஆசை. தேங்கியது திருப்பூரின் சாயக்கழிவு. அணைத் தண்ணீர் வேண்டாம் என்று ஆயக்கட்டு விவசாயிகளே சொன்ன கொடுமை எந்த ஊரில் நடந்திருக்கிறது? தண்ணீருக்காக மாட்டு வண்டி கட்டிப் போராடுகிற மண்ணில், மடையைத் திறக்காதீர்கள் என்று கெஞ்சினார்கள். சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பாயின. தென்னை குறுத்தது. மாடு அந்தத் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

ஆயக்கட்டுதாரர்கள் சங்கமாகச் சேர்ந்து உயர் நீதிமன்றம் போனார்கள். 2006 டிசம்பரில் தீர்ப்பு வந்தது: கழிவு துளியும் வெளியே வராத நிலையை எட்டும் வரை சாயப்பட்டறைகள் வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை கட்ட வேண்டும், அணையைச் சுத்தம் செய்யும் செலவையும் அவர்களே ஏற்க வேண்டும். 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பிறகும் கழிவு நிற்காததால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகள் அத்தனையையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊரே வேலையில்லாமல் நின்றது. சுத்திகரிப்பு நிலையங்களைச் சரிசெய்ய அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்த பிறகுதான் தொழில் எழுந்தது.

இழப்பீட்டைக் கணக்குப் போட அமைத்த ஆணையம், ஏறத்தாழ 28,600 விவசாயிகளுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. தலைக்கு ஒன்பதாயிரம் ரூபாய்கூட வரவில்லை. பல வருஷ வெள்ளாமை, வெட்டிப்போட்ட தென்னை, விற்றுவிட்ட மாடு, எல்லாவற்றுக்கும் சேர்த்து. யார் கட்ட வேண்டும் என்ற கேள்விக்கு இந்த நாட்டில் 1996-லேயே விடை வந்துவிட்டது. எப்போது கட்ட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பின்னால் வசூலிக்கலாம் என்று விட்ட பணம் முழுசாக வந்ததில்லை, வந்தாலும் நேரத்துக்கு வந்ததில்லை. நொய்யலானாலும் ஆல்பெர்ட்டாவானாலும் நான் கண்டது இதைத்தான்.

எண்ணெய் விஷயத்தில் நம் அரசுக்கே இது தெரியும். எண்ணெய், எரிவாயு எடுக்கும் நிறுவனங்கள், வயல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை மூடுவதற்கான பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு வர 1999-லேயே ஒரு திட்டம் வந்தது. அப்படிப் போடும் பணத்துக்கு வருமான வரியிலும் கழிவு உண்டு. சுரங்கத்துக்கும் மூடும் திட்டம், நிதி உத்தரவாதம் என்று விதி இருக்கிறது. (அந்த விதிகள் எல்லாம் சரியாக நடந்தால் பல்லடம், கரூர்ப் பக்கம் கைவிட்ட கல்குவாரிக் குட்டைகளில் வருஷா வருஷம் பிள்ளைகள் மூழ்கிச் சாகவேண்டியதில்லை. அது தனியே எழுத வேண்டிய துயரம்.) ஆக, பூமியைத் துளைப்பவரிடம் முதலிலேயே பணம் வாங்கி வைக்க வேண்டும் என்ற எண்ணம் அரசுக்கு இருக்கிறது. எண்ணிக்கையில் அதிகமாக இருக்கிற, ஒவ்வொரு காட்டிலும் கிடக்கிற போர்க் குழிகளுக்குத்தான் அது இல்லை.

2010-ல் உச்ச நீதிமன்றம் ஆழ்துளைக் கிணறுகளுக்கு வழிகாட்டு நெறிகள் தந்தது. போர் போட 15 நாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும், துளை போடும் ரிக் வண்டி நிறுவனம் பதிவு செய்திருக்க வேண்டும், வேலை நடக்கும்போது முள்வேலி கட்ட வேண்டும், துளைக்குள் இறக்கும் கேசிங் குழாயின் வாயில் இரும்புத் தகடு பற்றவைக்க வேண்டும், கைவிட்டால் அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கல், துளையிட்டபோது வந்த தூள் இவற்றால் நிரப்ப வேண்டும். 2015-ல் தமிழ்நாடு அரசு ஊராட்சிகளுக்கென்று தனி விதியும் போட்டது. இவ்வளவும் இருந்தும் 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் வீட்டருகே இருந்த பழைய போரில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. பக்கத்தில் இன்னொரு துளை போட்டு எடுத்துவிட எண்ணெய் நிறுவனத்தின் ரிக் வரை வந்தது. கடும்பாறை விடவில்லை. தீபாவளி நேரம். எங்கள் வீட்டில் யாரும் பட்டாசைத் தொடவில்லை, டிவி முன்னாலேயே உட்கார்ந்திருந்தோம். அந்த வாரம் ஊர் ஊராகப் பழைய போர்களை மூடினார்கள். பிறகு அந்த வேகம் அடங்கிவிட்டது.

ஏன் திறந்து கிடக்கிறது என்பதை வெளியூர்க்காரர்கள் அலட்சியம் என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. போர் ஓட்டும்போது மேல்மண்ணும் சுக்கானும் சரியாமல் இருக்கக் கேசிங் பைப் இறக்குவார்கள். கெட்டிப் பாறை வந்ததும் பைப் தேவையில்லை, பாறையே துளையைத் தாங்கும். ஆறு நூறு அடி, எட்டு நூறு அடி, 'இன்னொரு நூறு பார்ப்போம்' என்று ஆயிரத்தைத் தாண்டியும் ஈரம் காணாதபோது, மனுசன் என்ன செய்வான்? அடிக்கு இவ்வளவு என்று ரிக்காரருக்குக் கொடுக்க வேண்டும். இருக்கிற பொருளில் திரும்பக் காசாகக் கூடியது அந்தப் பைப் ஒன்றுதான். அதை உருவி எடுத்துவிடுகிறார்கள். உருவிய இடத்தில் மண் சரிந்து வாய் அகலமாகிறது. அமெரிக்காவில் உலகப் போர்க் காலத்தில் குழாயை உருவியதும் இதே கணக்கில்தான்: துளைக்கு இனி மதிப்பில்லை, இரும்புக்கு இருக்கிறது.

பெரியப்பா சில வருஷம் முன்பு பக்கத்துக் காட்டை வாங்கினார். முதல் உழவில் டிராக்டர் ஓட்டி வந்த பையன் பாதியில் வண்டியை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டான். மண்மூடிய ஒரு சிமெண்ட் சாக்கு, மேலே பலகைக் கல், அடியில் துளை. விற்றவரைக் கேட்டால் அது தன் தகப்பனார் காலத்தில் போட்டது என்றார். எந்த ரிக் வந்தது என்று யாருக்கும் நினைவில்லை. ஊராட்சியில், நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் மூட வேண்டும் என்றார்கள். சட்டப்படி அது சரிதான். பெரியப்பா கிராவல் அடித்து மூடினார். "நான் போடாத போருக்கு நான் மண்ணு போடறனுங்க" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மூடிவிட்டார். அசலூரில் இருந்துகொண்டு முதலீட்டுக்கு நிலம் வாங்குகிறவர்கள் எத்தனை பேர் மூடுவார்கள்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறரை இஞ்சு விட்டம், ஆயிரம் அடி ஆழம் என்றால் துளையின் கொள்ளளவு சுமார் 230 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட் என்கிற நம் கணக்கில் இரண்டேகால் யூனிட் சொச்சம். மூன்று டிராக்டர் லோடுக்குள் அடங்கிவிடும். அதிலும் பெரும்பகுதி, போர் ஓட்டிய அன்றைக்கு, துளையைச் சுற்றியே குவியலாகக் கிடக்கிறது. பாறைக்குள்ளிருந்து வந்த அதே தூள். ஆள் இருக்கிறது, வண்டி நிற்கிறது, பொருள் காலடியில் இருக்கிறது. தூளை உள்ளே தள்ளி, மேலே பத்தடிக்குக் களிமண் கெட்டித்து, சிமெண்ட் போட்டுவிட்டால் முடிந்தது. பத்து வருஷம் கழித்து அதே வேலைக்கு மண் விலைக்கு வாங்க வேண்டும், ஆள் தேட வேண்டும். அதற்கு முன்னால் துளை எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில் மழைநீரோடு பூச்சிமருந்தும் சாக்கடையும் மண்ணின் வடிகட்டல் ஏதுமில்லாமல் நேரே பாறை வெடிப்புகளுக்குள் இறங்கியிருக்கும். அடுத்த தோட்டத்துக்காரர் குடிக்கிற தண்ணீர் அந்த வெடிப்புகளில்தான் வருகிறது.

ஆகவே என் பக்கம் இதுதான். அனுமதி வாங்கும்போதே, ஓட்டப்போகும் அடிக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை ஊராட்சியில் கட்டி வைக்க வேண்டும். தண்ணீர் வந்தால், மூடி போட்டு மேடை கட்டியதும் அது திரும்பிவிடும். வராவிட்டால், ரிக் அந்த இடத்தை விட்டு நகரும் முன் துளையை நிரப்ப வேண்டும். நிரப்பிய கூலி அந்தத் தொகையிலிருந்து ரிக்காரருக்கே போகும். தொகையை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை திருத்த வேண்டும், அமெரிக்காவைப் போல அறுபது வருஷம் தூங்கவிடக் கூடாது.

திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்திருக்கும் என் தாய்மாமனிடம் இதைச் சொன்னேன். இந்தியா முழுக்க, கடல் கடந்து ஆப்பிரிக்கா வரைக்கும் போர் ஓட்டப் போகிற ஊர் அது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "மாப்ளே, புகையா போன போருக்குப் பாதிக் காசு நிலுவையிலயே நிக்குது. அழுதுட்டு நிக்கறவன்கிட்ட டெபாசிட் எங்கேன்னு எப்படிக் கேக்கறது?" கேட்க வேண்டியது அழுகிற நேரத்தில் இல்லையே மாமா, வண்டி வருவதற்கு முன்னால்தானே, அவன் நம்பிக்கையோடு இருக்கும்போது, என்றேன். அதை ஒப்புக்கொண்டார். ஆனால் அவர் வைத்த இன்னொரு மறுப்பு வலுவானது. அனுமதியே வாங்காமல் ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டிவிட்டுப் போகிறவனை இந்தத் திட்டம் பிடிக்காது. முறையாகத் தொழில் செய்கிறவன் மட்டும் மாட்டிக்கொள்வான். பதிவு இல்லாத ரிக்கைப் பறிமுதல் செய்யும் துணிவு அதிகாரிகளுக்கு வராமல் இதற்கு வழியில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன்.

சரி, ஏற்கெனவே கிடக்கிறவை? அவற்றை அரசு தன் செலவில் மூட வேண்டும், இதில் எனக்குத் தயக்கமே இல்லை. எண்ணெய் நிறுவனத்தோடு விவசாயியை ஒப்பிட முடியாத இடம் இது. எண்ணெய்க் கிணறு யாருக்கோ லாபம் கொடுத்துவிட்டுத்தான் கைவிடப்படுகிறது. வறண்ட போர் முதல் நாளிலிருந்தே நட்டம். மேலும், பம்ப்செட் வாங்கக் கடன், இலவச மின்சாரம், பணப்பயிருக்கு ஊக்கம் என்று அந்தத் துளைகளை நோக்கி விவசாயியைத் தள்ளியதில் அரசுக்கும் பங்கு உண்டு. இலவச மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மின்கட்டணத்துக்காக 1970-ல் பெருமாநல்லூரில் விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் செத்த மண் இது. அதைக் குறை சொல்ல எனக்கு நா எழாது. ஆனால் ஆழத்துக்கு ஆழம் போட்டி போட்டு ஓட்டிய காலம் அரசின் கண் முன்னால்தான் நடந்தது. ஊராட்சியே குடிநீருக்குப் போட்டு வறண்டுபோன போர்களும் தெருவுக்குத் தெரு நிற்கின்றன. அவற்றிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

கணக்கெடுப்பு ஒன்றும் வேண்டும். பத்திரம் பதியும்போது, நிலத்தில் உள்ள போர்கள் அத்தனையும், ஓடுவதும் ஓடாததும், எழுதியாக வேண்டும் என்று பதிவுத்துறை ஒரு வரி சேர்த்தால் போதும். விற்கிறவர் மூடிவிட்டு விற்பார், அல்லது மூடும் செலவை விலையில் கழித்துக்கொள்வார்கள்.

உலக நீர் நாளான மார்ச் 22-ல் நடக்கும் கிராம சபையில் மூன்று தீர்மானங்கள் வைப்பதென்று நாங்கள் சிலர் பேசியிருக்கிறோம்: ஊராட்சியின் வறண்ட போர்களை முதலில் மூடுவது, போருக்கான முன்தொகை கேட்டு அரசுக்கு எழுதுவது, பத்திரத்தில் போர் விவரம் சேர்க்கச் சொல்வது. முன்தொகை அடிக்கு எவ்வளவு என்பதில்தான் இன்னும் இழுபறி. பெரியப்பா ஒரு தொகை சொல்கிறார், மாமா அதில் பாதி என்கிறார். சிறு விவசாயிக்கு அதைக் கடன் சங்கமே கட்டிவிட்டுப் பயிர்க்கடனோடு சேர்த்துக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டார். அது நல்ல யோசனையாகவே படுகிறது. சங்கச் செயலாளரைப் பார்த்துப் பேச வேண்டும்.